பக்கத்து அறை கம்ப்ரசர்

எங்கள் வீட்டு மகாராணிக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

போன மாதம் பக்கத்து அறையிலிருந்து ஊம்ம்ம், டக் டக் என்று விடாமல் ஒரு சத்தம். ஏசி மெக்கானிக் காது சும்மா இருக்குமா? கம்ப்ரசர் உயிரை விடப்போகிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்தவர் அந்த அறையில் தங்கி மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. நான் ஏசி மூடியைக் கழற்றிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, அது ஏசி இல்ல. என்னோட புதுப் பாட்டு!"

மேசையில் ஒரு சின்தசைசர் இருந்தது, கட்டையைத் தட்டினால் எந்தச் சத்தத்தையும் போடும் மெஷின். கழற்றிய பாவத்துக்கு ஏசியைச் சுத்தம் செய்து கொடுத்தேன்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும், யாருக்கும் தெரியாத புதுப் பாடகர்களின் பாட்டுகளை எனக்குப் போட்டுக் காட்டுகிறார். எல்லாரும் தனியறையில் மெஷினோடு மல்லுக்கட்டிப் பாட்டுச் செய்கிறவர்கள். ஒருத்தி தண்ணீர்க் குழாய்க்குள்ளிருந்து பாடுவதுபோல் பாடுகிறாள். முதலில் தலை சுற்றியது. இப்போது ஏணியில் நின்று அதைத்தான் முணுமுணுக்கிறேன். சூப்பர்வைசர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

ஒரு சின்ன உதவி. தம்பிக்குப் புதுச் சத்தம் வேண்டுமாம். உன் தையல் மெஷின் ஓடுவதைப் போனில் பதிவு செய்து அனுப்பு. எண்ணெய் போட்டுவிடாதே, கடகடவென்றே இருக்கட்டும். நடுவில் நூல் அறுந்தால் என்னைத் திட்டுவாயே, அப்போது பதிவை நிறுத்தாதே. அவருக்கு மெஷின் சத்தம் போதும். மிச்சம் எனக்கு.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் ஏசிக்காரன்