தோள் இறங்கிய சட்டை

அன்புள்ள மகன் தடியனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று போனில் சொல்கிறாய், அதை நான் நம்பவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் கேட்டால் "சரியா கேக்கலம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைக்க உன்னால் முடியாது, உனக்குப் பொறுமை இல்லாவிட்டாலும் ஆர்வம் உண்டு.

வீட்டில் எல்லாம் வழக்கம்போலத்தான். தண்ணீர் மோட்டார் திரும்பவும் மக்கர் செய்கிறது, அப்பா அதைத் தானே பிரித்துப் போட்டுவிட்டு இப்போது மெக்கானிக்கிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். என் முழங்கால் வலி பரவாயில்லை. கடையில் என்னை இன்னும் அதே டிரையல் ரூம் வாசலில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். உள்ளே எத்தனை துணி போகிறது, வெளியே எத்தனை வருகிறது என்று பார்ப்பதுதானே என் வேலை, ஒல்லியாக உள்ளே போகிறவள் குண்டாக வெளியே வந்தால் நிறுத்த வேண்டியது என் கடமை. சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவளிடம் நீ கதை விடலாமா?

உடம்பு இளைத்தவர்களைத் தினமும் பார்க்கிறேன் தம்பி. பாடுபட்டு இளைத்தவர்கள் பழக்க தோஷத்தில் பழைய சைஸையே எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள், கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கில் தலையை நீட்டி "இதுல சின்னது இருக்கா" என்பார்கள். அந்தக் குரலில் ஒரு பெருமை இருக்கும் பார், பரீட்சையில் முதலாக வந்த மாதிரி. போட்டு வந்த பழைய பேன்ட்டை இடுப்பில் இழுத்துப் பிடித்து, முன்பின் தெரியாத எனக்குக்கூடக் காட்டிவிட்டுப் போவார்கள். மனக்கஷ்டத்தில் இளைத்தவர்கள் அப்படி இல்லை. கடைக்கே வர மாட்டார்கள், யாராவது இழுத்துக்கொண்டு வந்தாலும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். நான் சொல்வது எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்லவில்லை, ஆனால் நீ எந்த ரகம் என்று எனக்குத் தெரிய வேண்டும். காலையில் ஓடுகிறேன், சர்க்கரையை விட்டுவிட்டேன் என்கிறாய். நல்லது. அப்படியானால் வீடியோவில் வரும்போதெல்லாம் ஏன் அதே பச்சைச் சட்டை? தோள் தையல் கைக்கு இறங்கிக் கிடக்கிறது, காலருக்குள் என் கை முழுசும் போகும் போலிருக்கிறது. ஜன்னலைச் சாத்த எழுந்தாயே, அப்போது பெல்ட்டையும் பார்த்தேன். நுனி முதுகு வரைக்கும் சுற்றிக்கொண்டிருந்தது, மாட்டியிருந்த ஓட்டை கடைக்காரன் போட்ட ஓட்டை இல்லை, நீயே ஆணியால் குத்திக்கொண்டது. புதுசு வாங்கேன் என்றதற்கு "இன்னும் குறையும்மா, மொத்தமா வாங்கிக்கறேன்" என்றாய். எங்கள் கடைக்கு வருகிறவர்களும் அப்படிச் சொல்வதுண்டு, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் லீவில் வந்த உன் ரூம்காரப் பையன் நீ கொடுத்த பையைக் கொண்டுவந்தான். அவனைப் பிடித்து உட்காரவைத்து உன்னைப் பற்றிக் கேட்டேன். "அவன் ரொம்ப பிஸி ஆன்ட்டி" என்று தரையைப் பார்த்துச் சொன்னான், கொதிக்கக் கொதிக்க இருந்த டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஓடியே போனான். நாக்கு வெந்திருக்கும், பாவம். பையில் எல்லாம் சட்டைகள். "எனக்கு லூசாயிடுச்சு, நல்ல துணி, அப்பா போட்டுக்கட்டும்" என்று நீ சொல்லி அனுப்பியதாகச் சொன்னான். அப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது, அவருக்கு ஒரே குஷி. நான்தான் மடித்து வைக்கும்போது பார்த்தேன். சாம்பல் நிறம், நீலக் காலர். நீ வேலையில் சேர்ந்த அன்று போட்டோ எடுத்து அனுப்பினாயே, அதே சட்டை. கம்பெனி பேட்ஜ் இருந்த இடத்தில் இப்போது ஊசித் துளைகள்தான் வரிசையாக இருக்கின்றன, அந்த இடத்தில் மட்டும் துணி வெளுக்காமல் இருக்கிறது. பிளேடு வைத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்திருக்கிறாய், ஒரு நூல்கூட இழுபடவில்லை.

ஒன்றிரண்டு வந்திருந்தால் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். எல்லாமே வந்திருக்கின்றன, குளிருக்குப் போடுகிற ஜாக்கெட் உட்பட. காய்ச்சலில் நான் இளைத்தபோது எங்கள் கடையிலேயே பழைய யூனிஃபார்மை வாங்கி வைத்துக்கொண்டுதான் சின்னதைக் கொடுத்தார்கள். நாளைக்கு வேலைக்குப் போக வேண்டியவன் வேலைச் சட்டை அத்தனையையும் அப்பாவுக்கு அனுப்புவானா? அங்கேயே குப்பையில் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் நம் வீட்டில் துணியைத் தூக்கிப்போடும் பழக்கம் இல்லையே. கிழிந்தால் தலையணை உறை, அதுவும் கிழிந்தால் கரித்துணி என்று நான் வளர்த்த பிள்ளை, நல்ல சட்டையைக் குப்பையில் போட உனக்குக் கை வரவில்லை. நான் பழக்கியதே உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

வேலை போய்விட்டது, அதுதானே? எப்போது போனது, ஏன் போனது என்று கேட்கவில்லை. ஓடி இளைத்தாயா, சாப்பிடாமல் இளைத்தாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பயமாக இருக்கிறது தம்பி, சோற்றில் கை வைத்தால் உன் கழுத்தெலும்புதான் கண்முன் நிற்கிறது.

இதில் அப்பா வேறு. முடி வெட்டப் போனாலும் அந்தச் சட்டை, பார்க்கில் உட்காரப் போனாலும் அந்தச் சட்டை. "பையன் கம்பெனி சட்டை, தொட்டுப் பாருங்க" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டுகிறார். வெள்ளை மனசு, இவருக்குத் தெரிந்தால் இடிந்துபோவாரே என்று நானும் துவைக்க வேண்டும், ஊற வைத்திருக்கிறேன் என்று எதையாவது சொல்லி ஒளித்துப் பார்த்தேன், தேடி எடுத்துப் போட்டுக்கொள்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை தாங்க முடியாமல், வேறு சட்டை போடுங்கள் என்று கத்திவிட்டேன். அவர் பட்டனைப் போட்டுக்கொண்டே, "பேட்ஜ் பிரிச்ச இடத்த நான் அன்னைக்கே பாத்துட்டேன்டி. அவனுக்கு வேலை போயிடுச்சுன்னு யாருக்காவது தோணி, உன்கிட்ட வந்து கேட்டா நீ தாங்க மாட்ட. அவன் வேலையிலதான் இருக்கான்னு ஊர் நம்பட்டும்னுதான் வேணும்னே போட்டுட்டுத் திரியறேன்" என்றார். ஊரையே சந்தேகப்படுகிற நான், கூடவே இருக்கிற மனுஷனைச் சந்தேகப்படவில்லை பார். அங்கேயே கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆகையால் இனி நீ எங்களிடம் நடிக்க வேண்டாம். இங்கே வருவதானாலும் சரி, அங்கேயே வேறு வேலை தேடுவதானாலும் சரி. தேடுவதானால் முதலில் உனக்குப் பொருந்துகிற சட்டை ஒன்று வாங்கு. தோளைப் பார்த்து வாங்கு, இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம், தோள் இறங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. தொளதொளவென்று போய் நின்றால் எதிரே உட்கார்ந்திருப்பவன் சட்டைக்குள் ஆளே இல்லை என்று நினைப்பான். கடைக்காரன் பேச்சைக் கேட்டு, திரும்ப உடம்பு வைக்கும் என்று பெரிதாக எடுக்காதே, இன்றைக்கு இருக்கிற உடம்புக்கு எடு. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, அதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதமும்.

இதை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இன்னும் ஒண்ணு கேட்டு எழுது. வேலை போனதுல இளைச்சானா, நம்மகிட்ட சொல்ல முடியாம இளைச்சானா?" என்றார். பதிலை அவருக்கே எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா