நீ எழும்பாத மேசை

இன்று சோலோதுர்ன் தேவாலய மண்டபத்துக் குசினியில் கோப்பை கழுவும் இயந்திரத்தைத் திறந்தேன். முகத்தில் அடித்த ஆவியில் அதே சவர்க்கார வாசம். டாவோஸ் ஹோட்டல் குசினி அப்படியே நினைவுக்கு வந்தது, கூடவே நீயும். உன்னை அடக்கம் செய்து ஒரு மாரிகூட முடியவில்லை, அதற்குள் என்னை வேலை செய்ய விடாமல் வந்து நிற்கிறாய்.

அங்கே கோப்பை கழுவிய தமிழர் நாம் இருவர்தான். மற்ற வேலையாட்கள் நீள மேசையில் இருந்து சாப்பிடுவார்கள். நமக்குத் தொட்டியடியில் நின்றபடி சாப்பாடு. நம் நிறத்துக்கு அந்த மேசையில் இடமில்லை என்று எவரும் சொல்லவில்லை, சொல்லாமலே தெரிந்தது. ஒரு மதியம் நீ தட்டோடு போய் அங்கே இருந்தாய். கண்ணை மூடித் தமிழில் ஜெபம் செய்தாய். பிறகு, சாப்பிடுமுன் இந்தச் சுவிஸ் நாட்டவர் ஒருவருக்கொருவர் சொல்லும் ‘என் குவேத்தே’ வாழ்த்தை எல்லோருக்கும் சொன்னாய். அதற்குப் பதில் சொல்லாதிருப்பது அவர்களிடம் பெரிய மரியாதைக்கேடு. ஆனாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைமைச் சமையல்காரன் உன் தட்டைத் தூக்கிக் குப்பையில் கொட்டினான்.

அவனை அடிக்க இரும்புச் சட்டியைத் தூக்கிவிட்டேன். நீ இருந்த இடத்திலிருந்தே சொன்னாய்: “வை மச்சான். நீ அடிச்சா உன்னைப் பற்றித்தான் கதைப்பினம். இந்த மேசையைப் பற்றி ஒருத்தரும் கதைக்க மாட்டினம்.”

அறைக்கு வந்ததும் உன்னோடு சண்டை பிடித்தேன். மறு கன்னத்தையும் காட்டு, இரண்டும் வீங்கட்டும் என்றேன். நீ சிரித்தாய்.

“மறு கன்னத்தைக் காட்டுறதெண்டா எழும்பிப் போறதில்லை. அங்கயே இருக்கிறது.”

மறுநாளும் போய் இருந்தாய், வாழ்த்தும் சொன்னாய். அதற்கடுத்த நாளும் அப்படியே. கடைசியில் உருளைக்கிழங்கு உரிக்கும் கிழவிக்குத்தான் பொறுக்கவில்லை. உனக்குப் பதில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கதிரையை எனக்கு இழுத்துவிட்டாள்.

போன கிழமை ஒரு ரயில் நிலையத்தில், அத்தனை வெள்ளைக்காரர் நடுவே என் மகளை மட்டும் பொலிஸார் மறித்துப் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். இங்கேயே பிறந்தவள். கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நாளை அவளும் சபைப் பிள்ளைகளும் அதைக் கண்டித்து அதே இடத்தில் பேசாமல் உட்காரப் போகிறார்கள். அதற்காக இன்று இங்கே கூடித் தேநீர் குடித்த கோப்பைகளைத்தான் கழுவிக்கொண்டிருந்தேன். “அப்பா, நீங்களும் வாறீங்களோ?” என்று கேட்டாள். ஓம் என்றுவிட்டேன்.

சொன்ன நேரத்திலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. யாராவது அவள்மேல் காறித் துப்பினால் என்ன செய்வேன்? உனக்கிருந்த விசுவாசம் எனக்கில்லை. ஜெபம் தொடங்கினால் பாதியில் பல்லைக் கடிக்கிறேன். அந்தச் சட்டியின் பாரம் இன்னும் இந்தக் கையில் இருக்கிறது, மச்சான். நாளை அதையும் சுமந்துகொண்டுதான் போய் உட்காருவேன்.

எழும்ப மாட்டேன்.