அழிக்கவா, அளிக்கவா

ஞாயிற்றுக்கிழமை, இரவு

படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

போன வாரம் மருமகள் சுதா தன் லேப்டாப்பின் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, எனக்காக இன்னொரு சிஸ்டம் போட்டுக் கொடுத்தாள். எல்லாம் தமிழில் வரும். எழுபது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றுக்கொண்ட எனக்கு அதைப் பார்ப்பதே சந்தோஷம். ஆனால் அன்றிலிருந்து அவள் பக்கத்தில் இடம் பாதியாகிவிட்டது. குறைந்த அந்த இடம் முழுதும் என் பக்கத்துக்கும் வரவில்லை.

இன்று மத்தியானம் என் தமிழ்ப் பக்கத்தைத் திறந்து அந்த இடத்தைத் தேட உட்கார்ந்தாள். ஹைதராபாத்தில், மௌலா அலியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. திரையில் ஒரு கேள்வி வந்தது.

"என்ன கேக்குது மாமா?"

எழுத்துக் கூட்டி, "அளிக்கவா" என்றேன். "இடத்தைக் குடுக்கவான்னு கேக்குதும்மா. ஆம்னு அமுக்கு."

அவள் விரல் போகும்போது மறுபடி பார்த்தேன். அது ள இல்லை, ழ. அழிக்கவா. சட்டென்று அவள் கையைப் பிடித்தேன். "நக்கோ, நக்கோ" என்று, வேண்டாம் என்பதற்கு அவள் ஊர்ப் பாஷைதான் என் வாயில் வந்தது.

அவள் தொட்டிருந்தது தன் மூன்று வருட ஆராய்ச்சி இருந்த பகுதியை. வேறெங்கும் நகல் இல்லை. "இல்லை" எங்கே இருக்கிறது என்று காட்டினேன்; அவள் அதை அமுக்கினாள்.

பிறகு ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை வாசித்தேன். "ஒதுக்கப்படாத இடம்" என்று ஒரு வரி. காணாமல் போனது இரண்டு பக்கத்திலும் சேராமல் நடுவில் கிடந்திருக்கிறது. அதை அவள் தன் பக்கத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

சாப்பிடும்போது மகனிடம், "மாமா படிச்சதால பொழச்சேன்" என்றாள். அவன் என்னைப் பெருமையாகப் பார்த்தான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அமுக்கு என்று முதலில் சொன்னதும் நான்தான். அதை அவள் அவனிடம் சொல்லவில்லை.