கண்ணாடிப் பெட்டியில் என் முகம்

ஆடி 12, திங்கள்
காற்று, ஒரே புழுதி. தாதிப் பயிற்சி மனுவுக்குப் போட்டோ எடுத்தாயிற்று. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்கு எதிரே ஸ்டூடியோ. படத்தை வீட்டுக்கே அனுப்புகிறேன் என்று முதலாளி விலாசம் கேட்டார். கொடுத்தேன். வாங்க வேண்டியது: சோப்பு, கறுப்பு நூல்.

ஆடி 19, திங்கள்
தூறல். படம் வந்தது. புருஷன் பெல்ட்டால் அடித்த தழும்பு அதில் தெரியவில்லை. மனுவைச் சேலத்துக்கு அனுப்பிவிட்டேன். தங்கவயலில் அவனை விட்டு ஓடிவந்த பிறகு இன்றுதான் பகலில் தூங்கினேன்.

ஆடி 24, சனி
நான் ஆயா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க வந்த வீட்டுக்கார ராஜம்மா: "உன் போட்டோவப் பெருசாப் போட்டு வெச்சிருக்காங்க, பாத்தியா? சினிமாக்காரி கணக்கா இருக்குற!"

ஆஸ்பத்திரி வேலையைப் பாதியில் விட்டு ஓடினேன். ஸ்டூடியோ வாசல் கண்ணாடிப் பெட்டியில் நான். வர்ணம் பூசி, என்னிடம் இல்லாத கம்மல் வரைந்து. தங்கவயல் பஸ் நிற்பது அதற்கு நேர் எதிரே. அவனோடு வேலை செய்யும் சுரங்கத்து ஆட்கள் இறங்கி டீ குடிப்பதும் அங்கேதான்.

"எடுத்துடுங்க சார்."

"ஏம்மா, நல்லாத்தான இருக்குது? இதப் பாத்துதான் நாலு பேரு உள்ள வர்றாங்க. ஆடியில கல்யாணம் ஏது, வேற படத்துக்கு நான் எங்க போறது? ஆவணி பொறக்கட்டும், மாத்திடறேன்."

காரணத்தைச் சொன்னால் அதையும் ஊருக்கே சொல்வார். திரும்பி வந்துவிட்டேன்.

ஆடி 27, செவ்வாய்
முக்காடு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். முதலாளி கெட்டவர் இல்லை. எரிச்சலே அதுதான். நான் ஒருமுறை வந்து போகிறவள், கோபித்துக்கொண்டால் அவருக்கு என்ன நஷ்டம்? படத்தால் லாபம். என் பயம் அவர் கல்லாவில் விழப்போவதில்லை.

ஆவணி 9, திங்கள்
வெயில். வேலை முடிந்து வரும்போது பார்த்தேன், பெட்டியில் கல்யாண ஜோடி. போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே போய் நன்றி சொன்னேன்.

"எனக்கு எதுக்கும்மா நன்றி? உங்க வீட்டுக்காரரு காலையில வந்து கேட்டு வாங்கிட்டுப் போனாரு. பாவம், கண்ணு கலங்கிட்டாரு. உன் விலாசத்தையும் குடுத்தேன். நேரா அங்கதான் போனாரு, பாக்கலியா?"

வீட்டுக்குப் போகவில்லை. சாமல்பட்டி ரயில் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாற்றுப் புடவைகூட இல்லை. ராஜம்மாவை என்ன செய்தானோ. சேலத்திலிருந்து பதில் வந்தால் அந்த விலாசத்துக்குத்தான் வரும்.