அம்மா சொல்லாத வரி

ஞாயிறு, ரிங்லெட்

எங்கள் கம்பெனியின் சுற்றுலா விளம்பரத்துக்காக, கொழுந்து பறிக்கும் அம்மாவை நானே படம்பிடித்தேன். "இந்த மலைச்சரிவுலதான் உங்கப்பா லோரி கவுந்து செத்தாரு. அவர விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்றார். திரையில் அதன் கீழே நான் மலாய் மொழியில் எழுதியது: 'இந்த அழகிய மலையைவிட்டு எங்கே போவேன்?' மேனேஜர் பாராட்டினார்.

இன்று பக்கத்து வீட்டு தேவி அந்த வரியை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிவிட்டாள். அம்மா திட்டவில்லை. எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "நான் பேசினது நல்லா இல்லபோல. ஆனா அதுல உங்கப்பாவையே காணமேடி."

"வெளம்பரத்துல சாவப் பத்திப் போட மாட்டாங்கம்மா" என்றேன். அவர் என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினார்.

சாப்பிட்டு முடித்ததும், அம்மா படத்தில் சொன்னதை அப்படியே மலாயில் மாற்றி எழுதிவிட்டேன். மேனேஜருக்கு அனுப்பத்தான் இன்னும் துணிவு வரவில்லை.