வெள்ளி வரை நிற்க வேண்டிய பல்

செவ்வாய்.

எங்கள் வீட்டில் இன்று காலை ஒரு முக்கியமான தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஆடத் தொடங்கிவிட்ட மகளின் முதல் பாற்பல் வெள்ளிக்கிழமை வரை விழக்கூடாது. குவைத்தில் வீட்டுவேலை செய்யும் அவளுடைய உம்மாவின் கைக்கு அன்றுதான் போன் வரும்; வீடியோவில் மகளைப் பார்ப்பாள்.

“உம்மா காணாம விழுந்தா என்ன செய்யிற வாப்பா?”

கடித்துத் தின்னும் பாண், மாங்காய், உரத்த சிரிப்பு ஆகியவற்றைத் தடைசெய்தேன். மூன்று வேளையும் கஞ்சி.

“கதைச்சா விழுமா?”

“ஓம் மகள், மெல்லமாக் கதைங்க.”

பிறகு அவள் கதைக்கவே இல்லை. தலையைக்கூட ஆட்டாமல் பள்ளிக்கூடம் போய் வந்தாள்.

மாலை மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் என்னிடம் வந்து வாயைத் திறந்தாள்.

“இன்னும் இறுக்கமா நிக்கிதா பாருங்க வாப்பா.”

விரலால் தொட்டுப் பார்த்தேன். பல் கையோடு வந்துவிட்டது.