ஊர் முகக்கவசத்தைக் கழற்றிய வருஷம்

மார்ச் 3, 2022, வியாழன்

லிங்கராஜ் அண்ணாச்சி கடை வாசலில் கட்டியிருந்த நீலக் கயிற்றை இன்று அவிழ்த்துவிட்டார். இரண்டு வருஷமாக அந்தக் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் சாமான் வாங்கினேன். இன்று எல்லாரும் கல்லாவரை போய் நெருக்கியடித்து நின்றார்கள். நான் மட்டும் தெருவில்.

"ஏம்மா டீச்சரே, இன்னுமா அதைக் கட்டிக்கிட்டுத் திரியுத? கொரோனா கோவில்பட்டி வெயிலுக்குப் பயந்து ஓடியே போச்சு. உள்ள வாம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அவர் நல்ல மனுஷர்தான். அவருக்குத் தெரியாததா? 2020 நவம்பரில் என் இடது சிறுநீரகத்தை எடுத்து என் வீட்டுக்காரருக்கு வைத்தார்கள். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க தினமும் மாத்திரை. அதே மாத்திரைதான் வேறு எந்த நோயையும் எதிர்க்க விடாது. தடுப்பூசி இரண்டு போட்டாயிற்று. "இவருக்கு அது எவ்வளவு வேலை செய்யும்னு சொல்ல முடியாதும்மா" என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

ஊருக்கு முடிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு எப்போது முடியும்?

மார்ச் 7, திங்கள்

அங்கன்வாடிக்குப் பிள்ளைகள் திரும்ப வந்தாச்சு. பதினாலு பேர். ஒன்றுக்கும் முகத்தில் துணி இல்லை. சமையல் ரெங்கம்மாளுக்குத் தாடையில் கிடக்கிறது. மூக்கை மூடச் சொன்னால் "அடுப்புக்கிட்ட மூச்சு முட்டுது டீச்சர்" என்கிறாள்.

பிரேமலதா மகளைக் கொண்டுவந்து விட்டாள். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிற பெண். போன வருஷம் மே மாசம் புருஷனை இதே நோய்க்குக் கொடுத்தவள். அவளாவது கவனமாக இருப்பாள் என்று பார்த்தேன். இல்லை, வெறும் முகம். என்னம்மா இப்படி என்று கேட்டே விட்டேன்.

"ஐஸ்வர்யாவுக்கு இப்ப நாலு வயசு டீச்சர். அவ பார்த்ததெல்லாம் வெறும் கண்ணுதான். அவ அப்பாவையும் கடைசியா மூடித்தான் காட்டுனாங்க. இனிமே எம்புள்ள முன்னால என்னால மூடிக்கிட்டு நிக்க முடியாது."

ஐஸ்வர்யாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

மார்ச் 8, செவ்வாய்

வேலையிலிருந்து வந்து கொல்லைப்பக்கம் குளித்து, சேலையைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு உள்ளே வந்தால் வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அவியளுக்குத் தனித் தட்டு, தனி நேரம். கேட்டால், "பசிச்சது" என்றார்கள்.

மார்ச் 19, சனி

நான் பயந்தது வந்தேவிட்டது. பஸ் டெப்போவிலிருந்து அவியளுக்குப் போன். வேலைக்கு வரத் தகுதி என்று டாக்டர் சான்று கொடுத்தால் எட்டயபுரம் ரூட்டிலேயே கண்டக்டராகப் போகலாமாம். போனை வைத்ததும் அவிய முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருஷமாகப் பார்க்காத முகம்.

"பஸ்ஸுல எத்தனை பேர் ஏறுவாங்க தெரியும்லா? ஒருத்தர் மூஞ்சி மேல ஒருத்தர் மூச்சு விட்டுக்கிட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"பதினெட்டு வருஷம் அந்தக் கூட்டத்துல நின்னவன்கிட்ட சொல்லுத."

"அப்ப உடம்பு வேற, இப்ப வேற."

"ஏட்டி பொன்னு, நாலு செவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காரவா என்னைப் பொழைக்க வச்ச?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். எதை எடுக்கப் போனேன் என்றே தெரியவில்லை.

ஏப்ரல் 13, புதன்

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இன்று செண்பகவல்லி அம்மன் தேர். கொரோனாவுக்கு அப்புறம் ஊர் திரண்டு இழுக்கிற தேர். காலையில் மாத்திரை கொடுக்கப் போனால் அவிய வீட்டில் இல்லை. செருப்பு இல்லை. முகக்கவசம் ஆணியில் தொங்குகிறது.

ஓடினேன். ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. கரிசக்காட்டு ஊரெல்லாம் லாரி பிடித்து வந்து இறங்கியிருந்தது. பார்க்கிற இடமெல்லாம் வாயைத் திறந்து கத்துகிற முகம், வியர்வை, இருமல். இத்தனை வாய்களை ஒன்றாகப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. தேரில் இருந்த அம்மனைப் பார்க்கத் தோன்றவில்லை. அவிய தலையைத்தான் தேடினேன்.

வடத்தைப் பிடித்து நின்றிருந்தார்கள், முன்னும் பின்னும் ஆள் இடிக்க. சிரித்துக்கொண்டு.

நான் போய் கையைப் பிடித்து இழுத்தேன். "விடுடி, ஒரு இழுப்பு" என்றார்கள். அப்போதுதான் கத்தினேன். "உங்க இஷ்டத்துக்கு அலைய அது ஒண்ணும் உங்க சொத்து இல்ல! என் வயித்துக்குள்ள இருந்தது அது!"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்ன ஏது என்று புரியாமல் யாரோ சிரித்தார்கள். அவிய வடத்தை விட்டார்கள். எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார்கள்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்தா வந்தது?

ஏப்ரல் 14, வியாழன்

வருஷப் பிறப்பு. பாயசம் வைத்தேன். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

ஏப்ரல் 18, திங்கள்

ஐந்து நாளுக்கு அப்புறம் பேசினார்கள். கோபமாகப் பேசியிருந்தால்கூட தாங்கியிருப்பேன்.

"நீ குடுத்துட்ட. ஆனா இன்னும் கையை எடுக்கலை பொன்னு. நான் தும்முனா உனக்கு வலிக்குது. நான் வாசல்ல நின்னா உனக்கு வலிக்குது. உனக்குப் பயந்தே நான் மூச்சு விடுதேன்."

நான் அழுதேன். "ஆவணி வரைக்கும் வீட்டுல இருக்கேன். அதுக்கு மேல கேக்காத" என்றார்கள்.

சரி என்றேன். ஆவணிக்குள் என்ன மாறப்போகிறது? தெரியவில்லை. நாலு மாசம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஜூன் 27, திங்கள்

மறுபடி கூடுகிறது என்று டிவியில் சொல்கிறார்கள். கடைத்தெருவில் யாரும் கண்டுகொண்ட மாதிரி இல்லை. "காய்ச்சல் எல்லா வருஷமும் வரும்" என்கிறார்கள். ரெங்கம்மாள் தாடையில் கிடந்ததும் இப்போது இல்லை.

ஜூன் 30, வியாழன்

ஐஸ்வர்யாவுக்கு 'கிளி' சொல்ல வரவில்லை. 'கியி' என்கிறாள். மற்றப் பிள்ளைகள் கேலி செய்து, இன்று படப்புத்தகத்தைத் தூர எறிந்துவிட்டாள். மடியில் வைத்து எத்தனையோ தடவை சொல்லிக் காட்டினேன். என் வாயைத் தேடித் தேடிப் பார்க்கிறாள், வெள்ளைத் துணிதான் தெரிகிறது. கையை நீட்டி அதைத் தொட்டாள்.

கழற்றினேன். நாக்கை மேலே மடக்கிக் காட்டினேன். "கிளி." அவள் முகத்தை என் முகத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். மூக்கு ஒழுகியிருந்தது. நான் விலகவில்லை.

பத்து நிமிஷம் இருக்குமா? அதற்குள் சொல்லிவிட்டாள். நாள் பூராவும் கிளி கிளி என்று கத்திக்கொண்டு திரிந்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தேன்.

ஜூலை 4, திங்கள்

தொண்டை கரகரப்பு. ஐஸ்வர்யா இரண்டு நாளாக வரவில்லை, காய்ச்சலாம்.

இல்லை. இருக்காது. இருக்கக் கூடாது.

ஜூலை 5, செவ்வாய்

இருக்கிறது. எனக்குத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குள் போகாமல் வாசலில் நின்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். "உள்ள வா, பார்த்துக்கிடலாம்" என்றார்கள். "கிட்ட வராதீங்க, வராதீங்க!" என்று கத்தினேன். மொட்டைமாடி தகர அறைக்கு வந்துவிட்டேன். அவிய படியில் கஞ்சி வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு தடவையும் காது கொடுத்துக் கேட்கிறேன், இருமுகிறார்களா என்று.

முந்தாநாள் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் ஊற்றினேனே. ஐயோ.

ஜூலை 7, வியாழன்

இருமினார்கள்.

ஜூலை 8, வெள்ளி

காய்ச்சல் நூற்று இரண்டு. உடனே மதுரைக்குக் கொண்டுவரச் சொன்னார் டாக்டர். நான் கூடப் போக முடியாது. கார்க்காரர்கள் மூன்று பேர் விஷயம் கேட்டதும் வரவில்லை என்றார்கள். கொரோனா போயே போச்சு என்று சொல்கிற ஊர்தான், ஆனால் ஒரு வண்டியில் ஏற்ற ஆள் இல்லை.

கடைசியில் லிங்கராஜ் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். பத்து நிமிஷத்தில் அவர் ஆம்னி வேன் வந்து நின்றது. முகத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டியிருந்தார். வண்டிக் கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டார். அவியளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உச்சிமாகாளி, பின்னால படுத்துக்கிடு" என்றவர், மாடியைப் பார்த்து, "நான் இருக்கேன் டீச்சர். டாக்டர்ட்ட ஒப்படைச்சிட்டுத்தான் வருவேன்" என்றார்.

மாடியிலிருந்து வண்டி திரும்புகிறதைப் பார்த்தேன். அவிய கையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 10, ஞாயிறு

ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். கிரியேட்டினின் 2.6. இங்கே இருந்தபோது 1.3. சிறுநீரகம் திணறுகிறது என்றுதானே அர்த்தம்? எதிர்ப்பைக் குறைக்கிற மாத்திரையில் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தினால் உடம்பு அதைத் தள்ளிவிடும். நிறுத்தாவிட்டால் நோய் போகாது. எதை வேண்டிக்கொள்வது?

நான் காவல் காத்த வீடு. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூலை 12, செவ்வாய்

இன்று போனில் குரல் கொஞ்சம் தெளிவு. சொல்லிவிட்டேன். தேரில் இருந்து வரவில்லை, பஸ்ஸிலிருந்து வரவில்லை, நான்தான் பிள்ளைக்குச் சொல்லிக் காட்ட முகத்தைத் திறந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆக்சிஜன் உஸ்ஸென்று ஓடுகிறது மட்டும் கேட்டது.

"புள்ள சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா."

"அப்ப சரி" என்றார்கள். பிறகு, "கஞ்சி குடிச்சியா?"

ஜூலை 23, சனி

வீட்டுக்கு வந்தாச்சு. எட்டுக் கிலோ குறைந்திருக்கிறார்கள். கிரியேட்டினின் 1.8. பழைய இடத்துக்கு இனி இறங்காமலும் போகலாம், இதில் நின்றாலே போதும் என்கிறார் டாக்டர். மத்தியானம் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பயமாகத்தான் இருந்தது. சாப்பிட்டோம்.

செப்டம்பர் 5, திங்கள்

ஆவணி இருபது. அவிய கேட்கவில்லை, நானே சொன்னேன். "டெப்போவுக்குப் போன் போடுங்க."

என்னை உற்றுப் பார்த்தார்கள். "நெசமாத்தான் சொல்லுதியா?"

"என் பயம் போயிட்டுன்னு நெனைக்காதீங்க. அது இருக்கு. நீங்க போங்க. மாஸ்க் மூக்குக்கு மேல இருக்கணும், அவ்வளவுதான்."

செப்டம்பர் 19, திங்கள்

முதல் நாள் டூட்டி. பஸ்ஸில் முகத்தை மூடின ஆள் அவிய ஒருத்தர்தானாம். "என்ன அண்ணாச்சி, வியாதியா?" என்று ஒரு பொம்பளை தள்ளி உட்கார்ந்தாளாம். அதைச் சொல்லிவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார்கள். நான் இருமலைத்தான் கேட்டேன்.

அக்டோபர் 20, வியாழன்

காலை ஐந்து மணி டூட்டி. நான் எழுந்தபோது ஏழு ஆகிவிட்டது. அவிய குளித்தது, மாத்திரை போட்டது, கதவைச் சாத்திக்கொண்டு போனது ஒன்றும் எனக்குத் தெரியாது. இத்தனை நாளில் முதல் தடவை, காது கொடுத்துக் கேட்காமல் தூங்கியிருக்கிறேன்.